கேம்ப் ஃபயர் உண்டா, அக்கா?

தேவாலாவில் என் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கோழிக்கோட்டிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ போன் செய்பவர்கள், வெந்நீர் வருமா என்பதற்கும் முன்னால் கேட்பது கேம்ப் ஃபயரைத்தான். எந்த மாதம் வருகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

அமெரிக்காவில் பல ஊர்களில் தீக்குழி எத்தனை அடி அகலம், வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று நகராட்சியே எழுதி வைத்திருக்கிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது, தீ எரியும் நிலம் யாருடையது என்பது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும் தீயைக் கொண்டுபோவதும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குற்றம். சொந்த முற்றம்தானே என்றாலும், அஜாக்கிரதையால் பிறர் உயிருக்கு ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எங்கள் பக்கம் எல்லையே தகராறுதான். 1969இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், கூடலூர், பந்தலூர் பகுதியில் எது பட்டா, எது காடு என்ற வழக்கு ஓயவில்லை. "அந்த மேட்டுல போட்டா வியூ சூப்பரா இருக்கும்க்கா" என்று பையன்கள் கைகாட்டுகிற இடம் வனத்துறையுடையதாக இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிரச்சினையே இல்லை. தேவாலா மழையில் விறகு எங்கே பற்றுகிறது? புகைதான் வரும். பயமெல்லாம் பிப்ரவரிக்கு மேல். உண்ணிச்செடி காய்ந்து மொடமொடவென்று நிற்கும். சில்வர் ஓக் சருகு ஒரு பொறி பட்டால் எரிந்துகொண்டே பறக்கும். வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீக்காவலர்களை நிறுத்துகிற காலம் அது. கோடைமழை இறங்கும்வரை நான் தீக்குச்சியை வெளியே எடுப்பதில்லை. அதற்கும் முகம் சுளிப்பவர்களுக்கு 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததைச் சொல்வேன். 23 உயிர் போனது.

"தீ இருந்தா யானை வராதுல்ல?" என்பது அடுத்த கேள்வி. யானைக்காகத் தீ மூட்டுவதாக இருந்தால் என் வீட்டுக்கு வரவே வேண்டாம். 2022 நவம்பரில் இதே தேவாலாவில் ஒரு மக்னா யானை வீட்டை இடித்து ஒரு பெண்ணைக் கொன்றது. ஊரே நடுங்கியது உண்மை. ஆனால் 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் பொருளை வீசினார்களே, அது காது கருகி, காயத்தோடு அலைந்து செத்தது. வீசியவர்கள் கைதானார்கள், விடுதிக்கு சீல் வைத்தார்கள்.

என் குழி மூன்றடி அகலம். சுற்றிலும் கல், கல்லுக்கு வெளியே புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கியிருக்கிறேன். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறுதான் விறகு. நின்று எரியும், பொறி குறைவு. பிளாஸ்டிக் கவரைப் போட்டால் அன்றைக்கு அத்தோடு சரி. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரும் கிடையாது, தீயும் கிடையாது. தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே போய்ப் படுத்துவிட முடியாது. சாம்பலுக்கு அடியில் கங்கு விடியும்வரை உயிரோடு கிடக்கும். கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு அடிக்கிறதா என்று பார்ப்பேன். அந்த வேலையை விருந்தினரிடம் விடுவதில்லை.