தியேட்டரில் நிதி திரட்டும் காட்சி: நூறு ரூபாயில் எவ்வளவு போய்ச் சேரும்?

சினிமா தியேட்டர் என்றதுமே நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். அதனாலேயே, "ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறப்புக் காட்சி, நாலு டிக்கெட் எடுங்க பாய்" என்று யாராவது வாசலில் வந்து நின்றால் குழப்பம் வருகிறது. படம் பார்ப்பது பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பணம் எங்கே போகிறது என்பதை நாமே தெரிந்துகொள்ள முடியும்.

கோவைக்கும் தியேட்டருக்கும் நூறாண்டு கடந்த உறவு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். டவுன்ஹால் பக்கம் அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர்தான். பின்னாளில் அரசும் தியேட்டரைப் பயன்படுத்திக்கொண்டது. 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களை முதலில் ஓட்டிவிட்டுத்தான் படம் போடுவார்கள்.

பெரியநாயக்கன்பாளையம் போன்ற மேட்டுப்பாளையம் ரோட்டு ஊர்களில் சில நூறு பேர் உட்காரக்கூடிய இடம் என்றால் கல்யாண மண்டபம், அதை விட்டால் தியேட்டர். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. தியேட்டரோ காலைக் காட்சி வரை சும்மாதான் கிடக்கும். ரத்ததான முகாம், கண் பரிசோதனை, பிளஸ் டூ முடித்தவர்களுக்கான வழிகாட்டிக் கூட்டம் எதற்கும் பொருந்தும். இதில் படமே கிடையாது, இடம் மட்டும்தான்.

டிக்கெட் விற்று நிதி திரட்டுவது வேறு கதை. நூறு ரூபாய் டிக்கெட்டில் முதலில் ஜிஎஸ்டி போகும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரை 5 சதவீதம் (முன்பு 12), அதற்கு மேல் 18 சதவீதம். அடுத்து உள்ளாட்சியின் கேளிக்கை வரி. மீதியில் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு. புதுப்படமாக இருந்தால் முதல் வாரத்தில் பெரும்பகுதி அவருக்கே போவது வழக்கம். பிறகு தியேட்டரின் மின்சாரம், ஆட்கூலி. இந்த இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்காவிட்டால் பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சுவது சொற்பம். ஆகவே டிக்கெட் கொண்டுவருபவரிடம், "தியேட்டர்காரர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்? விநியோகஸ்தர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல அமைப்பாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

டிக்கெட் வாங்குவது நன்கொடை ஆகாது. பணத்துக்குப் பதில் காட்சி கிடைத்துவிடுகிறது. அதனால் 80ஜி வரிச்சலுகை கேட்க முடியாது. அந்தச் சலுகையே பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதிலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. ஜகாத் விஷயமும் இப்படித்தான். ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் (9:60) வரையறுத்திருக்கிறது. நமக்கே பிரதிபலன் கிடைக்கும் டிக்கெட் காசை அந்தக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

படம் பார்க்க விருப்பமில்லாதவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே நூறு ரூபாயை அந்த அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளலாம். வரியும் பங்கும் போகாமல் முழுத்தொகையும் போய்ச் சேரும்.