ஜோக்கருக்கும் சேலத்துக்கும் என்ன உறவு?

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்று ஒரு முனை இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே நின்றால், கீழே சேலம் நகரம் விளக்கேற்றிய கொலுவைப் போலத் தெரியும். சென்ற மாதம் நானும் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம். "அதோ பாருடா, எவ்வளவு அழகு!" என்றார் தாயார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையாண்டான் பார்த்தால்தானே? கையிலே போன், காதிலே கருவி, குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு.

"என்னடா அது?"

"பேட்மேன் வீடியோ. உனக்குப் புரியாதும்மா!"

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்த 'உனக்குப் புரியாதும்மா' ஒலித்திருக்குமே!

விஷயம் அப்படியொன்றும் பிரம்ம ரகசியம் அல்ல. ஏதோ ஒரு படத்தின்மேலோ சித்திரக் கதையின்மேலோ பித்துக்கொண்ட இளைஞர்கள், அதையே நையாண்டி செய்து நாலைந்து நிமிஷத்துக்குப் படம் பிடித்து இணையத்தில் விடுகிறார்கள். சென்னையில் 'புட் சட்னி' என்றொரு கோஷ்டி. பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்கள் எடுத்த வீடியோ வெகு பிரசித்தம். மூலக் கதையில் பேட்மேன் பெரிய கோடீசுவரர். ராத்திரியானால் வௌவால் வேஷம் பூண்டு அயோக்கியர்களைப் பிடிப்பவர். அவரைக் கொண்டுவந்து மயிலாப்பூரில் விட்டால்? கேள்வியிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. மே மாத வெயிலில் அந்தக் கறுப்புச் சட்டையை எப்படி மாட்டிக்கொள்வார், யார் துவைத்துப் போடுவார்கள் என்று நான்பாட்டுக்கு யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்!

ஆனால் மூலம் தெரியாதவருக்கு இந்த ஹாஸ்யம் எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தி மாதிரிதான். வாசனை வரும், இலை விழாது.

அந்த மூலம் நமக்கு அவ்வளவு தூரத்து உறவா? 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குள் நுழையுங்கள். ஏற்காடு சாலையிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்த ஸ்டூடியோ அது. 1952-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தைத் தயாரித்தார். தமிழில் அதன் பெயர் 'காடு'. யானைகள் வெறிகொண்டு ஊருக்குள் புகுகின்றன. எதைக் கண்டு மிரண்டன? காட்டுக்குள் ஆதி காலத்துக் கம்பளி யானைகள் உலவுகின்றனவாம்! அவை பூண்டற்றுப் போய் ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆயிற்றே, எங்கிருந்து பிடிப்பது? சாதாரண யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்திவிட்டார்கள்! கம்பளி யானை என்ற பெயர் வேறெங்கும் இவ்வளவு அட்சர சுத்தமாகப் பொருந்தியிராது.

அந்தப் படத்தில் நடித்த அமெரிக்கர்களில் ஒருவர் சீசர் ரொமேரோ. 1966-இல் அமெரிக்க டெலிவிஷனில் வந்த பேட்மேன் தொடரில் ஜோக்கராகச் சிரித்தவர் சாட்சாத் அவரேதான். மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், அதன்மேலேயே வெள்ளைச் சாயம் பூசினார்கள். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்!

அதே 1966-இல் இதே சேலம் ஸ்டூடியோ ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று கொண்டாடினோமே, அந்த வகைப் படம். லண்டன் துப்பறிவாளரைத் தமிழராக்கியதும், பேட்மேனைச் சென்னைக்காரராக்குவதும் ஒரே வித்தைதான். ஒன்று நிஜமாக, மற்றது வேடிக்கைக்காக. 2010-இல் 'தமிழ்ப்படம்' வந்தபோது பிள்ளைகளைவிட நாம்தான் அதிகம் சிரித்தோம். அதில் கிண்டலடித்த படங்களையெல்லாம் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் நாமல்லவா?

எல்லா வீடியோவும் நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டேன். சிலது வெறும் வசவு. மூலத்தை நேசிப்பவன் செய்யும் கிண்டலில் சட்டைப் பொத்தான்கூடச் சரியாக இருக்கும். மற்றவனுக்கு அந்தச் சிரத்தை இராது.

லேடீஸ் சீட்டில் அந்தப் பிள்ளையிடம், "தம்பி, டெலிவிஷன் ஜோக்கர் நம்ம சேலத்துக் கம்பெனி படத்தில் நடித்தவர், தெரியுமா?" என்றேன்.

காதுக் கருவியைக் கழற்றினான். "சும்மா சொல்றீங்க, ஆன்ட்டி!"

தேடினான். கண்டுபிடித்தும் விட்டான். "அம்மா, இங்கே பாரேன்! யானைக்கு ஸ்வெட்டர் போட்டிருக்காங்க!"

"எங்கேடா?" என்று அந்த அம்மாள் குனிந்தார். "உங்க தாத்தா சொல்லியிருக்காரு இந்தப் படத்தைப் பத்தி..."

கீழே சேலம் மினுங்கிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.