கப்பலாக மிதந்து வந்த நாடு!
அண்ணாமலை அடிவாரத்தில் ஒரு கோடி கோடி ஆண்டுக் கதை

கார்த்திகை தீபத் திருநாள். திருவண்ணாமலையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாலை 6 மணிக்கு மலை உச்சியில் மகாதீபம் சுடர் விடுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் விண்ணைப் பிளக்கிறது.

மதில் ஓரத்தில் ஒரு குரங்கு. யாரோ ஒரு அம்மாள் கொடுத்த வாழைப்பழத்தைப் பிடுங்கி அவசர அவசரமாக வாயில் திணிக்கிறது. ஆனால் விழுங்கவில்லை! கன்னம் மட்டும் உருண்டையாக உப்புகிறது. பிறகு ஒரே தாவலில் மதில் மேல் ஏறி, யாரும் பிடுங்க முடியாத இடத்தில் அமர்ந்து, ஆற அமரத் தின்கிறது.

குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். ஆனால் இது வெறும் வேடிக்கை அல்ல. அந்தக் குரங்கின் கன்னத்துக்குள் ஒரு பை இருக்கிறது. எதிரி வருவதற்குள் கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு ஓடுவதற்கு இயற்கை தந்த மடிப்பை அது.

முகம் கறுத்த, வால் நீண்ட மந்தி என்ற இன்னொரு வகைக் குரங்கு உண்டு. அதற்குக் கன்னப்பை கிடையாது. அது இலை தின்னும் குரங்கு. இலையை யார் பிடுங்கப் போகிறார்கள்? அதற்குப் பதிலாக, முற்றிய இலையையும் செரிக்கும்படி பல அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு வாய்த்திருக்கிறது. ஒன்றுக்குக் கன்னத்தில் பை. மற்றொன்றுக்கு வயிற்றில் அறை! பிழைக்கும் வழிக்கு ஏற்றபடி உடம்பு அமைந்திருக்கிறது.

இந்த மாற்றங்கள் எப்படி வந்தன? அதை அறிய வேண்டுமானால், மனிதன் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னே போக வேண்டும்.

நெருப்பு மலை, கல் மலை

அண்ணாமலை கிருத யுகத்தில் நெருப்பு மலையாகவும், திரேதா யுகத்தில் மாணிக்க மலையாகவும், துவாபர யுகத்தில் பொன் மலையாகவும் இருந்து, கலியுகத்தில் கல் மலை ஆயிற்று என்று தல புராணம் கூறுகிறது.

பூமியை ஆராயும் விஞ்ஞானிகளும் நெருப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வட தமிழ்நாட்டின் மலைப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை என்பது அவர்கள் கணக்கு. அப்போது புல் இல்லை; மரம் இல்லை; பூச்சி கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே நீரில் வாழ்ந்தன.

இன்று 2,668 அடி உயரத்தில் நிற்கும் இந்த மலையின் பாறை, பிறகு வந்த அத்தனை ஜீவராசிகளுக்கும் மூத்தது!

நாடு நகர்ந்த கதை

ஒரு காலத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, பனி மூடிய அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நம் நாட்டின் மத்தியப் பகுதியில் வாழும் கோண்டு மக்களின் நாட்டை ஒட்டி வைத்த பெயர் இது.

பிறகு கூட்டுக் குடும்பம் பிரிந்தது! ஒவ்வொரு நிலமாக விலகிப் போயிற்று. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் தீவும் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. இந்தியா தன்னந்தனியாக, கப்பலைப்போல் வடக்கு நோக்கி நகர்ந்தது. வேகம் எவ்வளவு தெரியுமா? மிக வேகமாக நகர்ந்த காலத்திலும் ஆண்டுக்கு ஒரு சாணுக்கும் குறைவுதான்! ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்தால் ஆயிரக்கணக்கான மைல் ஆகிவிடும் அல்லவா?

வழியில் பெரும் சோதனை நேர்ந்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு ஆறாக ஓடியது. அதே காலத்தில், இன்றைய மெக்சிகோ நாட்டுப் பக்கம் விண்ணிலிருந்து ஒரு பெரும் கல் வந்து மோதியது. டைனோசர்கள் என்ற ராட்சசப் பிராணிகள் அடியோடு மாண்டன.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கப்பல் ஆசியக் கரையில் மோதியது. மோதிய இடம் மடிந்து எழும்பியது. அதுவே இமயமலை!

இரண்டு சாத்தனூர்கள்

இந்தக் கதைக்குச் சாட்சி உண்டா? தமிழ்நாட்டிலேயே உண்டு.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அந்த நாளில் அந்தப் பக்கத்தில் கடல் இருந்தது. அந்த மரமும் அதன் காடும் அழிந்து, கல் மட்டும் மிஞ்சியது.

திருவண்ணாமலைப் பக்கத்திலும் ஒரு சாத்தனூர் இருக்கிறது. தென்பெண்ணை ஆற்றில் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையை அறியாதவர் யார்? அங்கே வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் வெயில் காயும் முதலையைப் பார்த்துப் பிள்ளைகள், "இது பொம்மையா?" என்று கேட்பதுண்டு.

பொம்மை அல்ல, அழிவில் தப்பிய வம்சம்! டைனோசர்களைக் கொன்ற பேரழிவில் முதலையின் முன்னோர்கள் பிழைத்துக்கொண்டார்கள். முதலைக்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தீனி வேண்டாம், வெயிலே போதும். ஆகவே அது பல மாதம் பட்டினி தாங்கும். நம் ஆறு, ஏரிகளில் வாழும் சதுப்பு முதலை, கோடையில் தண்ணீர் வற்றினால் கரையில் வளை தோண்டி உள்ளே படுத்துவிடும்.

மண்ணுக்குள் ஒரு தவசி

கோண்டுவானாக் கப்பலில் ஏறி வந்த பயணி ஒருவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார். அவர் ஒரு தவளை!

2003-ல் கேரளத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இந்தத் தவளையைப் பற்றி பிஜு, போசுயிட் என்ற இரு விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். கத்தரிக்காய் நிறம், உப்பிய உடல், பன்றியைப் போன்ற கூர் மூக்கு. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையானைத் தின்று வாழும். மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் வெளியே வந்து, முட்டையிட்டுவிட்டு, மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும்.

இதன் நெருங்கிய உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள்? சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்ஷெல்ஸ் தீவுகளில்! தவளை கடலை நீந்திக் கடக்காது. நிலம் பிரிந்தபோது உறவும் பிரிந்தது.

2017-ல் இதன் தங்கை ஒன்றையும் கண்டு சொன்னார்கள். அது மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வாழ்கிறது. அக்காள் தென்மேற்குப் பருவ மழையில் முட்டையிடுகிறாள். தங்கை வடகிழக்குப் பருவ மழைக்குக் காத்திருக்கிறாள். ஒரே மலை, இரண்டு பக்கம், இரண்டு மழை, இரண்டு இனம்!

இதுதான் மாற்றத்தின் ரகசியம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தன் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற குணம் படைத்த பிள்ளை பிழைக்கிறது. அந்தக் குணம் அதன் பிள்ளைகளுக்கும் போகிறது. இப்படி ஆயிரமாயிரம் தலைமுறை கழிந்தால் புது இனமே தோன்றிவிடுகிறது. இந்த உண்மையை 1858-ல் டார்வினும் வாலசும் எடுத்துரைத்தார்கள்.

வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள்

ஆசியாவோடு ஒட்டிய பிறகு, வடக்கே இருந்த பிராணிகளுக்கு வழி திறந்தது. மான், பூனை, குரங்கு இனங்களின் முன்னோர்கள் அந்த வழியில் பல காலங்களில் வந்தார்கள். வந்தவர்கள் இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாறினார்கள். அண்ணாமலை மதில் மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு, உலகில் தென்னிந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம்.

இமயம் உயர்ந்தது, பருவ மழை வலுத்தது. ஒரு பருவம் வெள்ளம், ஒரு பருவம் வறட்சி என்று ஆயிற்று. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து காடு பின்வாங்கிப் பல இடங்களில் புல்வெளி பரவியது. புல்லை மேயவும், மறைவிடமில்லாத வெளியில் ஓடிப் பிழைக்கவும் தெரிந்த மான்கள் பெருகின. கிண்டியிலும் கோடியக்கரையிலும் காணும் வெளிமான் அப்படிப்பட்டது.

குகையில் கிடைத்த கணக்கு

ஆந்திரத்தில் கர்நூல் பகுதியில், பேதஞ்செர்லாவுக்கு அருகே பில்லசர்கம் குகைகள் இருக்கின்றன. ராபர்ட் புரூஸ் பூட் என்ற அறிஞர் 1880-களில் இங்கே தோண்டிப் பழங்கால எலும்புகளை எடுத்தார்.

பிற்காலத்தில் விஞ்ஞானிகள் மறுபடியும் தோண்டி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குகையில் கண்ட எலும்புகள் கடந்த 2 லட்சம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இந்தக் காலத்தில் மழை பல முறை பொய்த்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் கர்நூல் பகுதி வரை வந்து படிந்தது. அப்படியிருந்தும், எலும்பைக் கொண்டு அடையாளம் கண்ட 21 வகைப் பாலூட்டிகளில் 20 வகைகள் இன்றும் இந்தியாவில் உயிரோடு இருக்கின்றன! அழிந்தது ஒரு குரங்கு வகை மட்டுமே. அதன் உறவினர் இன்று எத்தியோப்பியாவில் வாழ்கிறார்கள்.

உலகின் வேறு பல பகுதிகளில் பெரிய பிராணிகள் கூட்டம் கூட்டமாக மறைந்த காலத்தில், இவை எப்படித் தப்பின? காடு, புல்வெளி, ஆற்றங்கரை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பாக இருந்தன. ஓர் இடம் காய்ந்தால் இன்னோர் இடத்துக்கு நடந்து போக வழி இருந்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இன்று வழி எங்கே?

1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, 1922 வரை பெரும்பாலும் மலைக் குகைகளிலும் மலை ஆசிரமத்திலும் வாழ்ந்தார். அந்த நாளில் மலையில் சிறுத்தை உலவியதையும், குரங்குக் கூட்டங்கள் அவரிடம் உரிமையோடு வந்து போனதையும் அவர் வரலாறு கூறுகிறது.

இன்று வடமேற்கே ஜவ்வாது மலை, தென்மேற்கே கல்வராயன் மலை. இடையிலே ஊர், வயல், சாலை. அண்ணாமலை ஒரு தீவுபோல் நிற்கிறது. மலைக்காட்டுப் புள்ளிமான் தாகத்துக்குக் கீழே இறங்கினால், நாய்க்குப் பலியாகிறது. அல்லது வண்டியில் அடிபடுகிறது. ஓடத் தெரியும், ஓட வழி இல்லை! மலையில் பழ மரம் குறைந்தால், குரங்கு கடைத்தெருவுக்கு வராமல் என்ன செய்யும்?

காட்டுத் தீயும் விறகு வெட்டும் இந்த மலையை ஒரு காலத்தில் மொட்டையாக்கின. 1980-களின் இறுதியிலிருந்து தொண்டர்கள் மரம் நட்டு வருகிறார்கள். தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறார்கள். கோடையில் தீ பிடித்தால் ஓடிப்போய் அணைக்கிறார்கள். சரிவுகளில் மறுபடியும் பச்சை தெரிகிறது.

இது மிருகங்களுக்காக மட்டும் அல்ல. 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் கொட்டிய மழையில் இந்த மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். கடும் மழையை மரம் தடுத்து நிறுத்தாது. ஆனால் மண்ணைப் பிடித்து வைக்க வேரைவிட நல்ல கயிறு வேறு கிடையாது.

நிலம் ஆண்டுக்கு ஒரு சாணுக்கும் குறைவாகவே நகர்ந்தது. அதற்கு ஏற்றபடி மாறப் பிராணிகளுக்குக் கோடி ஆண்டுகள் அவகாசம் இருந்தது. மனிதன் ஒரு சாலையை ஓர் ஆண்டில் போட்டு முடிக்கிறான். அதற்குள் எந்த மானுக்குப் புதிய கால் முளைக்கும்?

நல்ல வேளையாக, காடு திரும்பி வரக் கோடி ஆண்டுகள் வேண்டாம். இன்று கிரிவலம் வரும் ஒரு பிள்ளை மலையடிவாரத்தில் நட்ட நாவல் கன்று, அந்தப் பிள்ளை தன் குழந்தையை அழைத்து வரும்போது பழுத்திருக்கும். குரங்குக்கு வேண்டியதும் அதுதான். கன்னப்பையை நிரப்ப அது மதில் ஓரத்துக்கு வர வேண்டியிராது.