பாத்திக் விற்று வாங்கிய பத்து ஏக்கர்

ஒரு கல்லூரியின் பட்டதாரிகள் என்ன சாதித்தார்கள் என்று கேட்டால், வளாக நேர்காணலில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஆண்டுக்கு எத்தனை லட்சம் சம்பளம் என்பதே இன்று பதிலாக வருகிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையும் வேலைவாய்ப்பையும் சம்பளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பொறியியலுக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஓவியமும் சிற்பமும் படித்தவர்களை இப்படி அளந்தால், தமிழகக் கல்லூரி ஒன்றின் ஆகப்பெரிய சாதனை கணக்கிலேயே வராது. 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம்தான் அது.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியபோது, கைத்தொழில் பயிற்சியே அதன் முதல் நோக்கம். 1929-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கே மேலெழுந்தன. 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு இருபத்தைந்து வயதில் அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர். வயிற்றுப்பாடு ஓவியனை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். நவீன ஓவியத்தை வாங்குவோர் அன்றைய சென்னையில் மிகக் குறைவு. பட்டயம் பெற்று வெளியேறியவர்கள் கிடைத்த வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்தார்கள். கைவினைப் பொருள்கள் செய்து விற்பது என்று அவரும் மாணவர்களும் முடிவு செய்து, அதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி கைகொடுத்தது. வந்த பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வீடும் பட்டறையும் அவர்களே கட்டிக்கொண்டார்கள். வேலைவாய்ப்புப் பட்டியலில் இவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

பகலெல்லாம் துணிக்குச் சாயம் ஏற்றினால் கலை கெட்டுப்போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாங்குபவரின் ரசனைக்கு வளைகிற கை, கித்தானிலும் வளையக்கூடும். ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் வேறு. எஸ்.ஜி. வாசுதேவின் செப்புத் தகட்டுப் புடைப்புகளும், எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் கைவினைஞர்களின் நுட்பத்திலிருந்து பிறந்த கலை. தகட்டை வளைத்துப் பற்றவைக்கும் பட்டறைப் பழக்கம், முன்பக்கம் பார்த்து நிற்கும் ஒரு புதிய சிற்ப மரபையே சென்னைக்குத் தந்தது. அதே கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் இந்தக் கிராமத்தில் வாழ்ந்தவரல்லர். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே காந்தி நூற்றாண்டை ஒட்டிக் கோட்டோவியங்களை வரைந்தார், தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் புதிய முகம் தந்தார். கைத்தொழில் இவர்களுக்குச் சோறு போட்டது. அவர்களது கலைமொழியும் அதிலேயே செழித்தது.

பணிக்கர் போன்ற ஆசிரியரும் மலிவான கடலோர நிலமும் இனி அமையாது என்பது இன்னொரு மறுப்பு. நிலத்தைப் பற்றிச் சொல்வது உண்மை. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்து ஏக்கரை நினைக்கவே முடியாது. சேர்ந்து வாழ்வது எல்லாரையும் காப்பாற்றிவிடவும் இல்லை. பேனா மையில் ஒரு கனவுலகத்தையே வரைந்த கே. ராமானுஜம் அந்தச் சமூகத்துக்குள் இருந்தும் 1973-இல் இளம் வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே கிராமத்து ஓவியரான விஸ்வநாதன் பாரிஸில் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். இவையெல்லாம் கிராமம் என்ற வடிவத்தின் எல்லையைக் காட்டுகின்றன. அதன் அடிப்படை எண்ணத்தை மறுக்கவில்லை. படைப்புக்கு வருமானம் வரும் வரை படைப்பாளியைத் தாங்கும் ஏற்பாட்டையும் படிப்பின் பகுதியாகக் கருத வேண்டும் என்பதே அந்த எண்ணம். அதற்குக் கடற்கரை தேவையில்லை. பொதுப் பட்டறை, கூட்டு விற்பனை, ஆதாயத்தில் ஒரு பங்கைப் பொதுவில் வைக்கும் ஒழுக்கம் ஆகியவை போதும்.

இதே கல்லூரி இப்போது தமிழ்நாட்டின் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அதன் பட்டதாரிகளைப் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் தேடிப்போய், என்ன படைத்தார்கள், எதை விற்று வாழ்ந்தார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு படைப்புக்கு எப்படி விலை வைப்பது, ஒப்பந்தத்தில் எதைக் கவனிப்பது என்பதும் இறுதியாண்டில் கற்பிக்கப்பட வேண்டும். இவ்வளவு காலம் காத்திருக்கக் காரணம் உண்டு: பணிக்கர் தம்முடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கியது 1963-இல். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.