சுரைக்காய் கசந்தால் துப்பிவிடுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீடுகளில் பூசணிக் குடும்பத்துக்கு மவுசு வந்துவிடும். மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட பரங்கிக்காய் சூப், பாசிப்பருப்பு சேர்த்த சுரைக்காய்க் கூட்டு, கொத்தமல்லித்தழை தூவிய பீர்க்கங்காய்ப் பொரியல் என்று சுடச்சுடச் சாப்பிட ஏற்ற காலம் இது. அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. எனக்குச் சண்டை எல்லாம் விடிகாலையில் ஓடும் மிக்ஸியோடுதான்.

வாந்தியும் வயிற்றுவலியுமாக மாலையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “காலையில் என்ன ஜூஸ் குடிச்சீங்க?” என்றுதான். முந்தின நாள் ஓட்டலில் சாப்பிட்டதைச் சொல்வார்கள், கல்யாண வீட்டுப் பாயசத்தைச் சொல்வார்கள். ஜூஸை யாரும் தானாகச் சொல்வதில்லை. அது அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை, ஆரோக்கியம்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சுரைக்காய் ஜூஸ் குடித்துவிட்டு இப்படித்தான் வந்தார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. “ரொம்பக் கசக்குதுன்னு சொன்னாரு டாக்டர். கசந்தா சுகருக்கு நல்லதுதானேன்னு நான்தான் தேன் விட்டுக் கலக்கிக் கொடுத்தேன்” என்றார் மனைவி. குடித்த கொஞ்ச நேரத்திலேயே குமட்டல், பிறகு அடுக்கடுக்காக வாந்தி. மதியம் மெடிக்கலில் வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரை. சாயங்காலம் மலம் தார் போலக் கறுத்து, நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். மேல் பிரஷர் எண்பதைத் தொடவில்லை. காலையில் வழக்கமான பிரஷர் மாத்திரையை வேறு மறக்காமல் போட்டிருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால், பத்து மணிக்கே வந்திருந்தால் இரண்டு பாட்டில் குளுக்கோஸோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

காய்க்குள் இருக்கும் விஷம்

சுரை, பூசணி, பரங்கி, பீர்க்கு, வெள்ளரி, சீமைச் சுரைக்காய் என்கிற சுக்கினி எல்லாம் ஒரே குடும்பம். பூச்சியும் விலங்கும் கடிக்காமலிருக்க இந்தச் செடிகள் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளைச் சுரக்கின்றன. கசக்காத காயின் விதையையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து விதைத்து, கறிக்காய்களில் அதை நாம் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டோம். கசந்த வகைகளைப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று வேலியோடு விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் அது எப்போதாவது திரும்பி வரும். காட்டுச் செடியின் மகரந்தம் கலந்த விதை, தண்ணீரில்லாமல் வெயிலில் காய்ந்த கொடி, அளவுக்கு மீறி முற்றிய காய் என்று காரணங்கள் உண்டு. வெளித்தோலைப் பார்த்தோ நகத்தால் கீறியோ கண்டுபிடிக்க முடியாது. நாக்கு ஒன்றுதான் வழி.

கசந்தால் நல்லது என்று யார் சொன்னது?

எந்தக் கசப்பும் சர்க்கரையை இறக்கும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. பாகற்காயைக் காட்டித்தான் வாதாடுவார்கள். பாகற்காய் கசப்பது அதன் சுபாவம். காலம் காலமாகக் கறியாகச் சமைத்து, எவ்வளவு சாப்பிடலாம் என்று தெரிந்த கசப்பு அது. (அதையும் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு மயங்கி வருகிறவர்கள் உண்டு, அது தனிப் பஞ்சாயத்து.) சுரைக்காய் கசக்கவே கூடாது. கசந்தால் அந்தக் காயில் கோளாறு என்று அர்த்தம்.

அடுத்தது, ‘கொதிக்க வைத்தால் போய்விடும்’. போகாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் இந்த விஷம் முறியாது. 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் ஊரில் 79 வயது முதியவர் ஒருவர், தோட்டத்தில் விளைந்த சுக்கினியில் சமைத்ததைச் சாப்பிட்டு இறந்துபோனார். கசக்கிறதென்று அவருடைய மனைவி கொஞ்சமாகச் சாப்பிட்டதால் பிழைத்தார். பிரான்சில் கசந்த பூசணி சூப் குடித்த ஒரு பெண்ணுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, அது அடங்கிய பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது 2018இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. இரண்டுமே அடுப்பில் நன்றாக வெந்த உணவு.

‘உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன்’, ‘வெள்ளரிக்காய்க் காம்பை வெட்டித் தேய்த்து நுரையை எடுத்துவிட்டேன்’ என்பதெல்லாம் இதே ரகம்தான். காம்புப் பக்கம் கசப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் அதை வெட்டிப் போடுவதில் கொஞ்சம் பிரயோஜனம் உண்டு. தேய்ப்பதில் ஒன்றுமில்லை. முழுக் காயும் கசந்தால் முழுக் காயும் குப்பைக்குத்தான்.

‘வீட்டில் எல்லாரும்தான் குடித்தோம், இவருக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்பார்கள். விசாரித்தால் மற்றவர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்திருப்பார்கள். இவர் மட்டும் பிடிவாதமாக டம்ளரைக் காலி செய்திருப்பார். நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பதும் வாதமில்லை. நேற்றைய காய் வேறு, இன்றைய காய் வேறு.

‘நம்ம மாடித்தோட்டத்துக் காய், மருந்தே அடிக்கவில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் அதிகம். அழகுக்காக வளர்க்கும் குட்டிப் பூசணிக்குப் பக்கத்தில் கறிப்பூசணி பூத்தால் வண்டு இரண்டையும் கலந்துவிடும். அந்த வருடக் காய் ருசியாகத்தான் இருக்கும். அதன் விதையை எடுத்து நட்டால் அடுத்த கொடியில் வரும் காய் கசக்கலாம். எருக்குழியில் தானாக முளைத்த கொடிக்கும் இதே கதிதான்.

புதினா போட்டு மறைக்காதீர்கள்

என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் பாதிக் குற்றம் மூலிகைகளின் தலையில்தான். மூலிகை கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. புதினா, துளசி, இஞ்சி, எலுமிச்சை, நெல்லிக்காய், தேன் எல்லாவற்றையும் சுரைக்காயோடு போட்டு அரைத்தால், துப்பு என்று நாக்கு சொல்வது காதில் விழாமல் போய்விடுகிறது. கொஞ்சம் கசந்தாலும் அது துளசியாக இருக்கும் என்று விழுங்கிவிடுகிறார்கள்.

வட இந்தியாவில் சுரைக்காய் ஜூஸ் குடித்துச் சிலர் இறந்ததை அடுத்து அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் அறிக்கையை 2012இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ் வெளியிட்டது. பிழிவதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார், கசந்தால் தூக்கிப்போடு, வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதே, குடித்தபின் குமட்டலோ வாந்தியோ பேதியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போ என்பவை அதன் பரிந்துரைகள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் வலம் வரும் ‘ஏழு மூலிகை சுரைக்காய் டீடாக்ஸ்’ குறிப்புகளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு

வாந்தி வந்ததும், ‘உடம்பிலிருக்கும் கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான்’ என்று இன்னும் அரை டம்ளர் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைப்பதும், உப்பைக் கரைத்துக் குடிக்கவைப்பதும் ஏற்கெனவே புண்ணான இரைப்பையை இன்னும் கிழிக்கிற வேலை.

எல்லாவற்றையும்விட மோசம் வலிமாத்திரை. டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தம் கசியும் இரைப்பையில் கசிவைக் கூட்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையும் நீங்களாகப் போடக் கூடாது. மெடிக்கல் கடைத் தம்பிக்கு நீங்கள் ஜூஸ் குடித்த கதையும் தெரியாது, உங்கள் பிரஷரும் தெரியாது. இன்னொன்று, இந்த ஜூஸைத் தேடிக் குடிப்பவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். விஷம் ஒரு பக்கம் பிரஷரை இறக்க, மாத்திரை இன்னொரு பக்கம் இறக்கும்.

மருத்துவமனையில்

இதற்கு மாற்றுமருந்து கிடையாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, இரைப்பை அமிலத்தைக் குறைத்து, பிரஷரைத் தாங்கிப் பிடிப்போம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. சீக்கிரம் வந்தவர்கள் பெரும்பாலும் சில நாட்களில் எழுந்து நடந்துவிடுகிறார்கள்.

தயவுசெய்து

சுரைக்காயையோ பரங்கிக்காயையோ விட்டுவிடச் சொல்லவில்லை. சந்தைக்கு வருவதில் ஆகப் பெரும்பாலானவை நல்ல காய்கள்தான். ஜூஸாகக் குடிப்பதால் கூட்டில் கிடைக்காத எதுவும் கிடைத்துவிடாது. நார்ச்சத்தை வடிகட்டிக் கொட்டுவதுதான் மிச்சம். பரங்கிக்காயின் மஞ்சளில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ வேண்டும். அது பால்கூட்டில் உண்டு, எரிசேரியில் உண்டு. சர்க்கரைக்காரர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு ஒரு கரண்டி சாப்பிடுங்கள்.

நான் கெஞ்சிக் கேட்பது இவ்வளவுதான்: காயை நறுக்கியதும் காம்புப் பக்கம் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காயிலும் பாருங்கள். கசந்தால் விழுங்காமல் துப்பி, வாயைக் கொப்பளித்துவிடுங்கள். சமைத்த பிறகு தெரிந்தாலும் சட்டியோடு கொட்டுங்கள். நாற்பது ரூபாய்க் காய், அரை லிட்டர் பால், இவ்வளவு மெனக்கெட்டோமே என்று பார்க்காதீர்கள். முடியவில்லை என்று குழந்தையோ வயதானவரோ தட்டைத் தள்ளினால் அதட்டி ஊட்டாதீர்கள். நீங்களும் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள்.

தெரியாமல் உள்ளே போய், வாந்தியும் தொடங்கிவிட்டதென்றால் சாயங்காலம் வரை பார்க்க வேண்டாம். மீந்த ஜூஸை ஒரு பாட்டிலில் ஊற்றி, தினமும் போடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்புங்கள். வீட்டில் மீதியிருக்கும் காயை மாட்டுக்குப் போடாதீர்கள், அதற்கும் விஷம்தான். விதையையும் எடுத்து வைக்காதீர்கள்.