சும்மா நிற்கும் விமானத்துக்கும் காவல் வேண்டும்

விமானம் பறக்கும்போதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால், சில விபத்துகளுக்கான காரணம் அது தரையில் சும்மா நிற்கும்போதே உருவாகிவிடுகிறது. விமானியாகக் கனவு காணும் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுதான்.

பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் அகலம் 11 மீட்டர். ஆனால், வெறும் எடை மைவி காரைவிடக் குறைவு. ஓடுபாதையில் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம் எடுத்தாலே தரையை விட்டு எழும்பிவிடும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்குக் கரையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். கட்டாமல் விட்ட சிறுரக விமானத்தைக் கவிழ்க்க அத்தகைய காற்று போதும்.

அதனால்தான் இரு இறக்கைகளையும் வாலையும் தரையில் உள்ள வளையங்களோடு கட்டுகின்றனர். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கி விமானத்தை இழுக்கும் என்பதால் நைலான் கயிறே நல்லது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சுக்கானைப் பூட்டிவிட வேண்டும்.

விமானத்தைக் கையால் நகர்த்த, முன்சக்கரத்தில் இழுவைக் கம்பியை மாட்டுவார்கள். சக்கரத்தை எந்தப் பக்கமும் 30 பாகைக்கு மேல் திருப்பக் கூடாது. வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்ற மறந்தால், இயந்திரத்தை முடுக்கியதும் காற்றாடி அதில் மோதிச் சிதையும்.

சாவியை அணைத்திருந்தாலும் காற்றாடியின் பக்கம் போகக் கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தைப் போல இதிலும் தீப்பொறி தருவது மேக்னட்டோ. அதை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், காற்றாடியைக் கையால் லேசாகத் திருப்பினாலும் இயந்திரம் உயிர்பெறக்கூடும்.

சில வாரங்கள் நிறுத்தி வைத்தால் இன்னொரு எதிரி ஈரம். எரிபொருள் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே நீர் கோப்பது குறையும். மாதத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் பறந்தால் எண்ணெய் சூடேறி ஈரம் வெளியேறும், துருவும் குறையும்.

வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் மிகச் சிறியது. தோட்ட வீடுகளின் சுவரில் மண்கூடு கட்டும் குளவிக்கு அது வசதியான இடம். 1996 பிப்ரவரி 6-ஆம் தேதி டொமினிகன் குடியரசில் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேரும் மாண்டனர். உறை போடாமல் நின்ற அவ்விமானத்தின் குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

உறை போட்டால் மட்டும் போதாது. 2018 ஜூலை 18-ஆம் தேதி பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய எம்.எச்.134 விமானம், குழாய் உறைகளை அகற்றாமலேயே எழும்பியது. வேகமானி சரியாகக் காட்டாத நிலையில், விமானிகள் பிரிஸ்பேனிலேயே பத்திரமாகத் தரையிறக்கினர்.

ஆகவே, புறப்படுமுன் விமானத்தைச் சுற்றி ஒரு நடை அவசியம். கயிறு, கட்டை, பூட்டு, இழுவைக் கம்பி, குழாய் உறை ஆகிய ஐந்தையும் அகற்றியாயிற்றா என்று கண்ணால் பார்த்த பிறகே விமானி உள்ளே ஏற வேண்டும்.