குன்றுக்கொரு பல்லி

நம் வீட்டுச் சுவரில் இரவில் பூச்சி பிடிக்கும் பல்லிக்குக் காட்டில் பகல்வேலை பார்க்கும் உறவினர் உண்டு. நெமாஸ்பிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவற்றைப் பகல் பல்லிகள் என்கிறார்கள். பல இனங்கள் வாலையும் சேர்த்தே விரல் நீளம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகிய இடங்களில் இவை இருக்கின்றன.

கண்ணைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். வீட்டுப் பல்லியின் பாவை வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். பகல் பல்லிக்கு அது வட்டம். விரலும் வேறு. வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டிப் பிடிக்கும் அகன்ற தகடுகள் உண்டு. பகல் பல்லிக்கோ மெலிந்து வளைந்த விரல்கள், நுனியில் நகங்கள். அந்த விரல்களையும் நகங்களையும் கொண்டு பாறையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடும். பாறை இடுக்கில் இரண்டு வெள்ளை முட்டைகளை ஒட்டவைக்கும். நல்ல இடுக்கு கிடைத்தால் பல பெண் பல்லிகள் அங்கேயே முட்டையிடுவதும் உண்டு.

இவற்றை இனம் பிரிப்பது எளிதல்ல. தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. ஆணின் தொடையடியிலும் கழிவுத்துளைக்கு முன்னும் உள்ள நுண்துளைகளை ஆய்வாளர்கள் லென்ஸில் எண்ணுகிறார்கள், செதில்களை ஒப்பிடுகிறார்கள், மரபணுவையும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று என்று நினைத்தவை பலவாயின. ஏற்காட்டிலிருந்து 2000-இல் ஓர் இனம் விவரிக்கப்பட்டது. ஏற்காடு இருக்கும் அதே சேர்வராயன் மலையிலிருந்து 2019-இல் மேலும் இரண்டு வந்தன. அதே ஆண்டு சங்ககிரிப் பாறைகளிலிருந்து இன்னொன்று. ஆக, சேலம் மாவட்டம் ஒன்றிலிருந்தே நான்கு. இலங்கையிலோ முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

ஏன் இத்தனை? இவற்றுக்கு நிழலும் ஈரமும் கொண்ட பாறையோ மரமோ வேண்டும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே வெயில் காயும் சமவெளி இவற்றுக்குக் கடல் மாதிரி. கடக்க முடியாமல் பிரிந்து நின்ற கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே மாறி, தனி இனங்களாகிவிட்டன.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. உலகில் ஒரே குன்றில் வாழும் இனத்துக்கு அந்தக் குன்றை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கல்குவாரிக்குக் குன்றை உடைத்தால் அதோடு ஓர் இனமே அழியக்கூடும், பெயர் வைப்பதற்கு முன்பே. காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டாலும் இதே கதிதான்; வேறிடத்தில் மரம் நட்டு அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. எனவே ஒரு பாறைக்குன்றை உடைக்க யாராவது அனுமதி கேட்டு வரும்போது, அதன் இடுக்குகளில் என்ன வாழ்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். வெறும் கல் என்று எந்தக் குன்றையும் ஒதுக்கிவிடக் கூடாது.